விக்டோரியாவுல நாலு மணி நேரம்

மருமவனே, அலாஸ்காவுக்குக் கப்பல் டிக்கெட் போட்டுட்டியாமே. எங்க அக்கா பால்காரன்ட்ட சொல்லி, பால்காரன் எங்கிட்ட சொல்லி, அப்படித்தான் தாய்மாமன் காதுக்கு வந்து சேந்திச்சு. முறைப்படி மொதல்ல எனக்குச் சொல்லியிருக்கணும். போகட்டும், இன்னைக்கு வழக்குப் பேச வரல.

நான் பட்டிக்காட்டான். சார்பதிவாளர் ஆபீஸ் வாசல்ல பத்திரம் எழுதியே தலை நரைச்சவன். கப்பலைப் பாக்கணும்னா தூத்துக்குடிக்குப் போயி, வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துட்டு வந்துருவேன். நீ ரெட்மண்டுல உக்காந்து ஊர் உலகத்துக்கே கம்ப்யூட்டர்ல எழுதிக் குடுக்கிறவன். அதனால வெவரம் தெரிஞ்சவன்ட்ட கேட்டுக்கிடுவோம்னு ஒரே ஒரு சந்தேகம் கேக்கேன். சியாட்டில்ல ஏறி, ஜூனோ, ஸ்கேக்வே, கெச்சிகன்னு சுத்திட்டு, கடைசிச் சாயங்காலம் விக்டோரியாங்கிற ஊர்ல கப்பல் நிக்கும்னு அட்டவணையில போட்டிருக்காம். பேத்தி படிச்சுச் சொன்னா. அந்த விக்டோரியா எந்த நாட்டுல இருக்கு?

அவசரப்படாம சொல்லு. கூகுள்ல பாத்தே சொல்லு, தப்பில்ல.

கனடா. ஆமா. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்குத் தலைநகரமே அதுதானாம். சியாட்டில்லருந்து கூப்பிடு தூரந்தான். ஆனா அடுத்தவன் எல்லை கூப்பிடு தூரத்துல இருந்தாலும் எல்லைதான. அங்க போக இந்தியப் பாஸ்போர்ட்டுக்காரனுக்கு விசா வேணும். அமெரிக்க விசா பத்து வருசத்துக்கு இருந்தாலும் சரி, அதைக் காட்டினா கனடாக்காரன் "நல்லாருக்கு, எங்களது எங்க?"ன்னுதான் கேப்பான்.

"கம்பெனிக்காரன் போட்ட பக்கத்துல, பிறப்புச் சான்றிதழும் போட்டோ போட்ட அட்டையும் போதும்னு இருந்துச்சே மாமா"ம்ப. இருந்திருக்கும். அது யாருக்குப் போட்டது? அமெரிக்கப் பிரஜைக்கு. ஏறின துறைமுகத்துலயே திரும்பி வந்து இறங்குற பயணம்னா அவுகளுக்கு அந்தச் சலுகை உண்டு. உங்க வீட்டுல அமெரிக்கப் பிரஜை எத்தனை பேரு? எண்ணிப் பாரு. ஒரே ஒரு ஆளு. அவரு இப்பத்தான் தவழவே ஆரம்பிச்சிருக்காரு.

இதத்தான் சொல்ல வந்தேன். வெளம்பரம் எல்லாம் அடுத்தவன் பாஸ்போர்ட்ட மனசுல வச்சு எழுதினது. கப்பல்ல எத்தனை மாடி, எத்தனை நீச்சல் குளம், ராத்திரி எத்தனை மணி வரைக்கும் சாப்பாடுன்னு ஒரு மாசமா ஆராய்ச்சி பண்ணியிருக்க. உள்ள ஏத்துவானாங்கிறத மட்டும் பாக்கல. வில்லங்கம் போட்டுப் பாக்காம அட்வான்ஸ் குடுத்துட்டு, கிரயத்தன்னைக்கு வந்து "அண்ணாச்சி, எதுவும் வருமா?"ன்னு கேக்கிற கட்சிக்காரன நான் நெறையப் பாத்திருக்கேன். அவம்லாம் மூணாங்கிளாசு. நீ எம்.எஸ். படிச்சிருக்க, அதான் வித்தியாசம்.

சரி, யாரும் ஆசைப்பட்டுக் கேக்காத அந்த ஊர்ல கப்பல் எதுக்கு நிக்குது? பனிமலையக் காட்டித் திரும்பினா நேரா சியாட்டிலுக்கு வர வேண்டியதுதான? எனக்கும் இதான் உறுத்திச்சு. பேத்திய விட்டுத் தோண்டச் சொன்னேன். பின்னால 1886-ல போட்ட ஒரு சட்டம் நிக்குது மருமவனே. அமெரிக்கத் துறைமுகம் ஒண்ணுல ஆள ஏத்தி அமெரிக்கத் துறைமுகம் இன்னொண்ணுல இறக்கணும்னா, அது அமெரிக்காவுல கட்டி, அமெரிக்கக் கொடி பறக்கிற கப்பலா இருக்கணும். கூட்டம் ஏத்துற இந்தப் பெரிய கப்பல்ல முக்கால்வாசி பகாமாசு, பனாமா, மால்டான்னு அடுத்த ஊர்ல பதிஞ்சது. வரியும் கொறைவு, கூலியும் கொறைவு. வெளிநாட்டுக் கப்பல் அமெரிக்காவுலயே ஏறி அமெரிக்காவுலயே இறங்குற சுத்துப் பயணம் போகணும்னா, நடுவுல ஒரு வெளிநாட்டு மண்ணத் தொட்டுட்டு வரணும். அலாஸ்காவுக்குப் போற வழியில கிடைக்கிற வெளிநாடு கனடா ஒண்ணுதான். அதனால விக்டோரியா. சில கப்பலு பிரின்ஸ் ரூபர்ட்டுல தொடும், அதுவும் கனடாதான், சந்தோசப்படாத.

சட்டம் மீறினா தலைக்கு இம்புட்டுன்னு அபராதம். ஆரம்பத்துல 2 டாலரு. கப்பல்காரன் சிரிச்சுட்டுக் கட்டியிருப்பான் போல, 1898-ல அத 200 டாலர் ஆக்கிட்டாக. இப்ப விலைவாசிக்குத் தக்க அதையும் ஏத்திக்கிட்டே வாராக. மூவாயிரம் பேர் ஏறுற கப்பலுக்குக் கணக்குப் போட்டுப் பாரு. விக்டோரியாவுல விளக்கு வச்ச நேரத்துல போயி நின்னு, நடுராத்திரிக்குள்ள கிளம்புற சூட்சுமம் வெளங்குதா? உனக்கு ஊரக் காட்டவா நிக்குது? சட்டத்துக்கு ஆஜர் காட்டிட்டுப் போகுது.

அந்த ஊர்ல புட்சார்ட் தோட்டம்னு ஒண்ணு இருக்காம். சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்த பள்ளத்துல ஒரு அம்மா பூச்செடி வச்சு வளத்தது, இன்னைக்கு உலகமே வந்து பாக்குது. நீ போய்ச் சேரும்போது பொழுது சாஞ்சிருக்கும். பஸ்ஸு பிடிச்சுப் போனா பூவு கறுப்பா தெரியும். பேசாம துறைமுகத்துலருந்து நடந்து போயி, சட்டசபைக் கட்டடத்துல லைட்டு போட்டிருக்கிறதப் பாத்துட்டு வா. அதுக்குக் காசு கிடையாது. விசாவுக்குத்தான் காசு.

இதுல ஒரு கூத்து கேளு. கொரோனா சமயத்துல கனடாக்காரன் 2021 கப்பல் சீசன் முழுக்கக் கப்பலே எங்க பக்கம் வராதன்னு கதவச் சாத்திட்டான். கனடாவத் தொட முடியாது, தொடாம அலாஸ்கா போகவும் முடியாது. ஸ்கேக்வே மாதிரி ஊருக்கெல்லாம் கப்பல் வந்தாத்தான் அடுப்பெரியும். அலாஸ்கா எம்.பி.மாரு ஓடி ஓடி, கனடாவத் தொடாமலே தொட்ட மாதிரி வச்சுக்கிடலாம்னு ஒரு தற்காலிகச் சட்டம் கொண்டாந்து, பைடன் அந்த வருசம் மே 24-ல கையெழுத்துப் போட்டாரு. தொடாததத் தொட்டதா எழுதினா, பத்திரம் எழுதுற எங்க வேப்ப மரத்தடியில எங்கள உள்ள தள்ளிருவான். அங்க நாடாளுமன்றமே செய்யுது. அந்தச் சலுகை இப்ப இல்ல. அன்னைக்கு நீ போயிருந்தா இந்தத் தலைவலியே இல்ல. ஆனா அன்னைக்கு நீ வீட்டுக்குள்ள கதவச் சாத்திட்டு மாவுக்கோலம் போட்டு போட்டோ அனுப்பிட்டு இருந்த.

"நாங்க விக்டோரியாவுல இறங்கவே மாட்டோம் மாமா, ரூமுக்குள்ளயே படுத்துக்கிடுதோம்"னு அடுத்த யோசனை சொல்லுவ. உங்க அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு. அத்தானும் கல்யாண வீட்டுக்குப் போயி "நான் சாப்பிடல, அதனால மொய் எழுதல"ம்பாரு. நீ இறங்குறியா தூங்குறியாங்கிறது பேச்சில்ல. கப்பல் கனடாத் துறைக்குள்ள போகுது, நீ அதுக்குள்ள இருக்க. சியாட்டில்ல ஏறும்போதே கம்பெனிக்காரன் எல்லாருடைய காகிதத்தையும் பாப்பான். விசா இல்லைன்னா அங்கனயே பொட்டியத் திருப்பிக் கையில குடுத்துருவான். காகிதத்துக்குப் பொறுப்பு பயணிதான்னு டிக்கெட்டு ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கும், ஏத்தலைன்னா காசும் வராது. நீ படிக்காம 'சம்மதம்'னு அமுக்கின பாரு, அந்தப் பக்கத்துலதான்.

இப்ப ஆளாளுக்குப் பாப்போம். ஒரே வீட்டுல ஒரே சோத்தத் திங்கிறீக, ஆனா கப்பல் வாசல்ல நிக்கும்போது ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு சட்டம்.

மொதல்ல நீயும் உம் பொண்டாட்டியும். உனக்கு எச்-1பி வேலை விசா, அவளுக்கு அதோட வர்ற எச்-4. ரெண்டு பேருக்கும் கனடா விசா எடுக்கணும். ஆளுக்கு 100 கனடா டாலரு, விரல்ரேகைக்கு 85. குடும்பமா ஒண்ணாப் போட்டா ரேகைச் செலவு மொத்தமே 170-க்கு மேல போகாது, அதனால தனித்தனியாப் போட்டுப் பெருமை பேசாத. அமெரிக்காவுல இருக்கிறவன் அங்கனயே குடியேற்ற ஆபீஸோட சென்டர்ல ரேகை வைக்கலாம். விசா ஓகேன்னு வந்த பெறகு பாஸ்போர்ட்ட அனுப்பி ஒட்டி வாங்கணும். பாஸ்போர்ட் அங்க போயிருக்கிற நாள்ல "மெக்சிகோவுக்கு ஒரு எட்டு போயிட்டு வாரோம்"னு சிநேகிதன் கூப்பிட்டா வாயப் பொத்திக்கிட்டு வீட்டுல இரு. எத்தனை நாளாகும்னு கனடாக்காரன் தன் பக்கத்துல போட்டிருப்பான், அது வாரத்துக்கு வாரம் மாறும். கப்பலுக்குக் கடைசித் தவணை கட்டுற தேதி ஒண்ணு இருக்குமே, அதுக்கு முன்னால விசா கையில வந்துரணும். அந்தத் தேதி தாண்டினா ரத்து பண்ணினாலும் காசு போகும். அதான் உண்மையான கெடு. கப்பல் கிளம்புற தேதிய நாள்காட்டியில வட்டம் போட்டு வச்சிருக்கியாம், அக்கா சொன்னா. வட்டத்த முன்னால நகத்து.

விண்ணப்பத்துல எதுக்கு வாரீகன்னு கேட்டா, இருக்கிறத எழுது. கப்பல் டிக்கெட்டு, அட்டவணை, உன் வேலைக் காகிதம், ஐ-797ங்கிற அனுமதிக் கடுதாசி. "கனடாவின் பண்பாட்டை அறிய"ன்னு எட்டாங்கிளாசு கட்டுரை எழுதாத. சாயங்காலம் வந்து நடுராத்திரி போறவன் என்ன பண்பாட்ட அறிவான்? ஒரு தடவ மறுத்துட்டான்னா, அடுத்து எங்க விண்ணப்பம் போட்டாலும் "முன்னால எங்கயாவது மறுத்திருக்காகளா?"ங்கிற கட்டத்துல அது உக்காந்துக்கிடும்.

இதுல உனக்கு மட்டும் இன்னொரு சிக்கல் இருக்கு. உன் பாஸ்போர்ட்டுல அமெரிக்க விசா ஸ்டாம்ப் போன வருசமே முடிஞ்சு போச்சுல்ல. வேலை அனுமதி நீட்டிட்டாக, எத்தனை நாள் தங்கலாம்னு சொல்ற ஐ-94-உம் நீண்டிருக்கு, ஸ்டாம்ப் மட்டும் இல்ல. அக்காட்ட மறைச்ச. எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னு கேக்காத.

திரும்பி வரும்போது ஸ்டாம்ப் இல்லாம எப்படி உள்ள விடுவான்? இதுக்கு அமெரிக்காக்காரன் ஒரு சந்து விட்டு வச்சிருக்கான். தானியங்கி மறுசெல்லுபடின்னு வச்சுக்கோ. கனடா, மெக்சிகோவுக்கு மட்டும் போயி, முப்பது நாளைக்குள்ள திரும்பி, ஐ-94 செல்லுபடியா இருந்து, நிலைமை மாறாம இருந்தா, முடிஞ்ச ஸ்டாம்பையே முடியாததா எடுத்துக்கிடுவான். ஆனா கனடாவுல இருக்கும்போது புது அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பம் போட்டன்னா அந்தச் சலுகை அத்தோட சரி. ஐ-94, ஐ-797 எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துக் கையில வச்சுக்கோ. "போன்ல இருக்கு மாமா"ங்காத. கடலுக்குள்ள போன்ல டவர் இருக்காது, கப்பல் வாசல்ல நிக்கிற பையனுக்கு இந்த விதி தெரிஞ்சிருக்கும்னும் சொல்ல முடியாது. முன்கூட்டியே கம்பெனிக்கு எழுதிக் கேட்டு, பதிலையும் பிரிண்ட் எடு.

இந்தச் சந்து எல்லாக் கடலுக்கும் கெடையாது, அதையும் மண்டையில ஏத்திக்கோ. மயாமியில ஏறி பகாமாசுக்கு மூணு நாள் போயிட்டு வரலாம்னு உன் சிநேகிதன் கூப்பிட்டான்லா? அந்தத் தீவுகளுக்கு இந்தச் சலுகை எஃப், ஜே விசாக்காரவுகளுக்கு மட்டுந்தான். உன்ன மாதிரி எச் விசாக்காரன் முடிஞ்ச ஸ்டாம்போட பகாமாசுக்குப் போனா, திரும்பி மயாமி துறைமுகம் வரைக்கும் வரலாம், உள்ள வர முடியாது. கப்பல் அதே கப்பல், கடல் அதே கடல். அலாஸ்காவுக்கு ஆகும், பகாமாசுக்கு ஆகாது. ஏன்னு கேட்டா, எழுதினவன் அப்படி எழுதியிருக்கான். நாப்பது வருசம் பத்திரம் எழுதினவன் சொல்லுதேன், எழுதினவன்ட்ட ஏன்னு கேக்கக் கூடாது.

அடுத்து உன் சகலை. அவரும் குடும்பத்தோட வாராராம். அவருக்குப் பச்சை அட்டை வந்தாச்சு. கனடா விசாவே வேண்டாம் அவருக்கு, பச்சை அட்டையும் இந்தியப் பாஸ்போர்ட்டும் இருந்தாப் போதும். வேண்டாம்னதுமே அந்த மனுசன் ஒரு காகிதமும் எடுக்காம வந்து நிப்பாரு, அதுதான் அவரு பழக்கம். பாஸ்போர்ட்டு எப்ப முடியுதுன்னு பாக்கச் சொல்லு. நீயா சொன்னா கேக்க மாட்டாரு, உம் பொண்டாட்டிய விட்டு அவ அக்காட்ட சொல்லச் சொல்லு.

பொடியனுக்கு விசா பிரச்சினையே இல்ல. பதினாறு வயசுக்குக் கீழ உள்ள அமெரிக்கப் பிள்ளைக்குக் கடல் வழிக்குப் பிறப்புச் சான்றிதழ் நகலே போதும். குடும்பத்துலயே ராசா மாதிரி நடந்து, சரி, தவழ்ந்து போறவன் அவந்தான். இருந்தாலும் பாஸ்போர்ட் எடுத்துரு. யாருக்காவது ஒடம்பு முடியாம விக்டோரியாவுலயே இறங்கி விமானத்துல திரும்ப வேண்டி வந்தா, சான்றிதழ வச்சு விமானம் ஏற முடியாது. இன்னொண்ணு, நீ வேலைன்னு கடைசி நேரத்துல நின்னுட்டு உம் பொண்டாட்டி மட்டும் பிள்ளையத் தூக்கிட்டுப் போனா, நீ சம்மதிச்சேன்னு ஒரு கடுதாசி அவ கையில இருக்கட்டும். எல்லையில கேட்டாலும் கேப்பாக.

ஸ்கேக்வேயில ஒரு ரயில் இருக்கு, வொயிட் பாஸ் மலை ஏறுற பழைய குறுகல் ரயிலு. நீ அதுக்கும் டிக்கெட் போட்டிருக்கன்னு கேள்வி. எந்த டிக்கெட்டுன்னு பாத்தியா? உச்சியத் தொட்டுட்டு வண்டியிலயே உக்காந்து திரும்புறது ஒண்ணு. ஃப்ரேசர்னு அந்தப் பக்கம் போய் இறங்குறது இன்னொண்ணு, அது கனடா. அங்க பாஸ்போர்ட் கேப்பான். கனடா இல்லாம உனக்கு அலாஸ்கா கிடையாது போ.

அந்த மலைக்கு 1898-ல தங்கம் தேடிப் போனவன் கதையப் படிச்சா நம்ம பாடு தேவலன்னு இருக்கும். கனடாப் போலீசு உச்சியில நின்னுக்கிட்டு, ஒரு வருசத்துக்கு வேண்டிய சாமானோட வந்தவன மட்டுந்தான் உள்ள விட்டான். மாவு, பருப்பு, பன்றிக்கறி, கூடாரம், மண்வெட்டின்னு ஏறக்குறைய ஒரு டன்னு. பாதிப் பேரு பட்டினி கிடந்து சாகக் கூடாதுங்கிற நல்லெண்ணந்தான். ஆனா ஒரே தடவையில அம்புட்டையும் தூக்க முடியுமா? பனியில ஏறுறதும் இறங்குறதுமா ஒரே மலைய எத்தனையோ தடவ ஏறியிருக்கான். உனக்கு 185 டாலரும் ரேகையும் கேக்கான், முணுமுணுக்க. எங்க அக்காவ அன்னைக்கு அனுப்பியிருந்தா ஒரு டன் சரியா இருந்திருக்கும். இப்பவும் ஊறுகாயும் பருப்புப் பொடியுமா அம்புட்டு கட்டுதா.

எல்லாம் வேண்டாம், கனடா சங்காத்தமே வேண்டாம்னா அதுக்கும் வழி இருக்கு. அலாஸ்கா அரசாங்கமே படகு விடுதுப்பா. வாசிங்டன் மாகாணத்துலயே பெல்லிங்காம்னு ஒரு ஊர்ல ஏறினா, நேரா கெச்சிகன்ல கொண்டு போய் விடும். அமெரிக்கக் கொடி, அதனால விக்டோரியாவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். ஒண்ணரை நாளுக்கு மேல ஓடும். நீச்சல் குளம் கிடையாது, பாட்டுக் கச்சேரி கிடையாது. ரூம் கிடைக்காதவன் மேல்தளத்துல கூடாரம் அடிச்சுப் படுத்துக்கிடுவானாம். எங்க அத்தான் அந்தக் குளிர்ல கூடாரத்துக்குள்ள கிடக்கிறத நெனச்சுப் பாத்தேன், அன்னைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம். எனக்கென்னமோ அதுல போறதுதான் பயணம்னு தோணுது, ஆனா நீ அட்வான்ஸ் கட்டின பெறகு தாய்மாமன் பேச்சு எடுபடாது.

விதி எல்லாம் இன்னைக்கு இருக்கிற மாதிரியே நாளைக்கும் இருக்கும்னும் கணக்குப் போடாத. கியூபாவுக்கு அமெரிக்காவுலருந்து 2016-ல கப்பல் விட ஆரம்பிச்சாக. 2019 ஜூன் மாசம் ஒரு நாள் அறிவிப்பு, மறுநாள்லருந்து கூடாதுன்னு. அவானாவப் பாக்கணும்னு பணம் கட்டிக் காத்திருந்தவனையெல்லாம் வேற ஏதோ துறைமுகத்துல கொண்டு போய் விட்டாக. கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னால மறுபடி ஒரு தடவ எல்லாத்தையும் படி.

இப்ப உங்க அம்மா அப்பா. அவுகளும் உங்ககூடக் கப்பல்ல வர மே மாசம் இங்கருந்து வாராக. கனடா விசாவ இங்கருந்தே போடணும், சென்னைக்குப் போயி ரேகை வைக்கணும். நான் கூட்டிட்டுப் போறேன், நீ கவலப்படாத, திரும்பும்போது அத்தான் செலவுல மயிலாப்பூர்ல டிபன். அமெரிக்காவுல இறங்கும்போது ஆறு மாசம் குடுப்பான். விக்டோரியாவத் தொட்டுட்டு வந்தா மறுபடி புதுசா ஆறு மாசம் கிடைக்கும்னு உனக்கு யாரோ சொல்லியிருக்கான்லா, அவன்ட்ட இனிமே எதையும் கேக்காத. முப்பது நாளைக்குள்ள கனடாவுலருந்து திரும்பினா பெரும்பாலும் பழைய கெடுவத்தான் தொடருவாக, அத நம்பி ரிட்டன் டிக்கெட்டத் தள்ளிப் போட்டுராத. உன் பிள்ளையப் பாக்க ஆள் இல்லைங்கிறது அமெரிக்கா கவர்மெண்டுக்குத் தெரியாது.

ரெண்டு பேரு அமெரிக்க விசாவும் பழைய பாஸ்போர்ட்டுல இருக்கு. மூலைய வெட்டிக் குடுத்திருப்பான், பாத்தா குப்பை மாதிரி இருக்கும். பாஸ்போர்ட்டு செத்துப் போச்சு, ஆனா உள்ள இருக்கிற விசா கிழியாம இருந்தா உசுரோட இருக்கு. புதுசையும் பழசையும் சேத்துக் கையில வச்சிருக்கணும், கப்பல்லயும் சரி, விமானத்துலயும் சரி. அத்தான் பழசு பீரோவுல இருக்கு, நான் பாத்தேன். அக்கா பழசக் காணோம்னு நேத்துலருந்து ஊரக் கூட்டுதா, என்னயக் கூடச் சந்தேகப்படுதா. நீ போன் போட்டு, பூசை ரூம்ல மூணாவது அடுக்குப்பானைக்குள்ள, அத்தானுக்குத் தெரியாம சீட்டுப் பணம் வச்சிருக்காள்லா, அதுக்கு அடியில பாக்கச் சொல்லு. ஸ்பீக்கர்ல போட்டுராத, அத்தான் பக்கத்துலதான் உக்காந்திருப்பாரு.